மூக்குக்கு மட்டும் விலக்கு

எங்கள் வீட்டில் காக்டெயில் கலப்பவர் என் வீட்டுக்காரர். அது சரியாக வந்திருக்கிறதா என்று சொல்வது நான். நான் குடிப்பதில்லை. ஒரு சொட்டுக்கூட நாக்கில் பட்டதில்லை, போன சனிக்கிழமை வரை பாட்டிலைக் கையால் தொட்டதும் இல்லை. மூக்குக்கு மட்டும் விலக்கு. இந்தச் சட்டத்தை எனக்கு நானே போட்டுக்கொண்டேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன?

என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். சாமிக்குக் காட்டும் முன் சமைத்த எதையும் வாயில் வைக்காத வீட்டில் வளர்ந்தவள். உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் ஆவியிலேயே பார்த்துவிடுவோம். உப்புக்கு ஏது வாசனை என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் வாதாடினார். உப்புக்கு வாசனை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்புப் போட்ட குழம்பின் ஆவி வேறு, போடாத குழம்பின் ஆவி வேறு. நம்பாமல், கண்ணைக் கட்டி, இரண்டு கிண்ணத்தை மாற்றி மாற்றி நீட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட நான் தப்பாகச் சொல்லவில்லை. கோயம்புத்தூர்க்காரர், சுலபத்தில் தோற்க மாட்டார். அன்றைக்குத் தோற்றார்.

புனேயில் வாகட் பக்கம் குடியிருக்கிறோம். அவருக்கு ஹிஞ்சவடியில் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் சோதிக்கிறேன். அடுத்தவர் எழுதியதில் எது சரியில்லை என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டில் சும்மா இருப்பேனா?

அவர் அலுவலகத்தில் யாரோ காக்டெயில் குலுக்கும் ஷேக்கர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்ததில் தொடங்கியது இது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு கிளாஸ், அதற்கு மேல் கிடையாது. அந்த ஒரு கிளாஸுக்கு அவர் செய்கிற ஆர்ப்பாட்டம்தான் பெரிது. "எங்கூர்ல எல்லாரும் மூக்கப் புடிச்சுட்டு மடக்குன்னு ஊத்திட்டு ஊறுகாய நக்குவாங்க, அம்மிணி. முகத்தச் சுளிக்காம ஒரு மனுசன் குடிக்க முடியுமா, அதுதான் என்ற ஆராய்ச்சி" என்பார். ஆராய்ச்சியாளர் முதல் நாளே முகத்தைச் சுளித்தார்.

அன்றைக்கு அவர் கலந்தது ஜின்னும் எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும். ஐஸ் போட்டால் உருகித் தண்ணியாகிவிடும், காசு கொடுத்து வாங்கியது வீணாகும் என்று, எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்வித்து, ஐஸ் இல்லாமல் கலந்தார். நம் ஆட்கள் எல்லாருக்கும் இந்தப் புத்திதான் போகும். பாலில் தண்ணி, மோரில் தண்ணி என்று வாழ்நாள் முழுக்கத் தண்ணியைத் திருடனாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியது. கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

"நீ மோந்து பாரேன். என்னமோ சரியில்ல."

முகர்ந்தேன். "நெடி மட்டும் அடிக்கு. எலுமிச்சையக் காணும், மல்லி வெதையக் காணும். எல்லாம் உள்ள அமுங்கிக் கெடக்கு."

"மல்லியா? இதுல எங்க வந்துச்சு மல்லி?"

பாட்டிலை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். கொத்தமல்லி விதை என்று இருந்தது. எலுமிச்சைத் தோல் இருந்தது. ஜூனிப்பர் என்று ஒரு மரத்தின் காய் இருந்தது, அதுதான் ஜின்னுக்கே ஆதாரமாம். எனக்கு அது பென்சில் சீவின மாதிரி இருந்தது. சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, பென்சில் செய்கிற மரமும் அதுவும் சொந்தக்காரர்கள்தான் என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்குக் கொஞ்சம் பயம் இருந்தது.

"சரி, இத எப்படி மேல கொண்டாறது?" என்று கேட்டார்.

"வெளாவுங்க."

"என்னது?"

"ரசத்த வெளாவுவோம்லா? புளியும் பொடியும் கொதிச்சு கெட்டியா நிக்கப்ப தண்ணி ஊத்தி வெளாவுனாத்தான வாசன பொங்கி வருது? அந்த மாதிரி வெளாவுங்க."

ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் விட்டார். நான் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முகர்ந்தேன். ஒரு கட்டத்தில் சாராய நெடி விலகி, எலுமிச்சை, மல்லி, பென்சில் மூன்றும் தனித்தனியாக எழுந்து வந்தன. இன்னும் ஒரு ஸ்பூன் விட்டதும் எல்லாம் சோர்ந்துவிட்டன. ஐஸ் எதற்கு என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அது குளிர்ச்சிக்கு மட்டும் இல்லை. உருகி விடுகிற தண்ணியும் ஒரு சரக்குதான், அளவோடு சேர்க்க வேண்டிய சரக்கு.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் எனக்கும் ருசிக்க ஆரம்பித்தன. ருசிப்பதும் மூக்கால்தான். கசப்புச் சாறு என்று வெளிநாட்டில் இருந்து விரல் நீளத்துக்கு ஒரு பாட்டில் வரவழைத்தார், யானை விலை. முகர்ந்தால் கிராம்பு, பட்டை, ஏதோ வேர், கொஞ்சம் ஆரஞ்சுத்தோல். "பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்க லேகியம்லா இது! இதுக்கா இவ்வளவு?" என்று சண்டை போட்டேன். ஆனால் இரண்டு சொட்டு விட்டதும் கிளாஸில் இருந்த மற்ற வாசனைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. ஏன் அப்படி என்று எனக்கு ஆறவில்லை. சாம்பாரில் வெந்தயம் செய்கிற வேலையும் இதுவும் ஒன்றா என்று யோசித்தேன். வெந்தயம் இல்லாமல் ஒரு நாள், இரட்டிப்பாகப் போட்டு ஒரு நாள் சாம்பார் வைத்துப் பார்த்தேன். இரட்டிப்பாகப் போட்ட நாள் அவர் சாம்பாரை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தயிர் சாதத்துக்குப் போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. அவருக்குச் சீக்கிரம் விட்டது. எனக்குக் கொஞ்ச நாள் கழித்து விட்டது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதலில் எனக்கே தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, உடம்பு தேறியதற்குச் சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். விளக்கேற்றி, படைத்து, கும்பிட்டு, அவருக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். வாயில் போட்டவர் முழுங்கவில்லை.

"அடி புடிச்சிருச்சு போல" என்றார், ரொம்ப மெதுவாக.

பானையைப் பார்த்தேன். அடி முழுக்கக் கரி. வெல்லம் தீய்ந்தால் தெருக்கோடி வரை தெரியும். நான் அதன் பக்கத்திலேயே நின்று கிண்டியிருக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. கருகியதைச் சாமிக்கு வைத்திருக்கிறேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குள் போகிற மாதிரி வைத்து இழுத்தேன். வெறும் காற்று வந்தது. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சோதனை அதோடு நிற்கவில்லை. பால் பொங்கி அடுப்பு முழுக்கத் தீய்ந்தபோது எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா ஓடி வந்து மணியை அழுத்தினார். நாங்கள் அவரைக் காகூ என்று கூப்பிடுவோம். "தாயி, காஹிதரி ஜள்தய்!" என்று கத்தினார், என்னமோ எரிகிறது என்று. நான் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றபடியே லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நரம்பு அசந்து போயிருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்று ஹிந்தியில் சொன்னார். இதைச் சொல்ல ஒரு டாக்டரா? எனக்கு வந்த கோபத்துக்கு ஃபீஸைத் திருப்பிக் கேட்டிருப்பேன், என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து அழுத்திவிட்டார். காலையும் மாலையும் நான்கு வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார். நான் எலுமிச்சைத்தோல், கிராம்பு, காப்பித்தூள், யூக்கலிப்டஸ் தைலம் என்று நான்கு சின்ன டப்பாக்களை வைத்துக்கொண்டேன். வாசனை வராவிட்டாலும் அந்த வாசனையை நினைத்துக்கொண்டு முகர வேண்டுமாம். ஒன்றும் வராத டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிராம்பு, கிராம்பு என்று நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

பயந்துபோனேன், உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பாட்டு வராது, கோலம் கோணும், ஓட்டத் தெரிந்த ஒரு வண்டியும் கிடையாது. எனக்கென்று இருந்தது இந்த மூக்கு ஒன்றுதான். வாயில் வைக்காமல் சமைப்பதும், கிளாஸைப் பார்க்காமல் அதில் என்ன இருக்கிறது என்று சொல்வதும் அதனால்தான் நடந்தன. அது போனால் நான் யாரோ ஒருத்தி.

சனிக்கிழமை தவறாமல் அவர் கிளாஸை என் மூக்குக்குக் கீழே கொண்டு வந்தார். "ஏதாச்சும் வருதா?" இல்லை என்பேன். அடுத்த சனிக்கிழமை, "இப்ப?" இல்லை. அவர் முகம் விழுவதைப் பார்ப்பது என் மூக்கு போனதைவிடக் கொடுமையாக இருந்தது. ஒரு நாள் வெடித்துவிட்டேன்.

"இனிமே கேக்காதீங்க! வந்தா நானே சொல்லுதேன். வாரா வாரம் நீட்டி நீட்டி... நான் என்ன உங்க ஆபீஸ் புராஜெக்டா, ஸ்டேட்டஸ் கேக்கதுக்கு?"

"சேரி, கேக்கல" என்றார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. அதன் பிறகு மூக்கு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

திட்டி முடித்ததும் எனக்கு வேறொரு யோசனை வந்தது. மூக்கு இல்லை, சரி. நாக்கு இருக்கிறதே, அது தனியாக எதையெல்லாம் பார்க்கும்? சோதிப்பதுதானே என் தொழில். சாராயத்தைத் தவிர மற்ற சரக்குகளை நாக்கில் வைப்பதற்கு என் சட்டத்தில் தடை இல்லை. சனிக்கிழமை கலவையை நானே தயார் செய்கிறேன் என்றேன். மீதியை நான் கலந்து கொடுத்தால், அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய், அலமாரி மேல் தட்டில் இருக்கும் பாட்டிலில் இருந்து தன் அளவை ஊற்றிக்கொண்டு பால்கனியில் உட்காருவார் என்று ஏற்பாடு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. எலுமிச்சை நாக்குக்கு வெறும் புளிப்பு. எலுமிச்சையை எலுமிச்சையாக்குவது மூக்குதான் போல, கண்ணை மூடினால் அதற்கும் புளித்தண்ணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இஞ்சி எரிந்தது, புதினா ஜில்லென்று இருந்தது, சோடா குத்தியது. இவையெல்லாம் வாசனையில் சேர்த்தியே இல்லை, தொடுகிற கணக்கு. எனக்கு இது பெரிய செய்தியாக இருந்தது. குளிர்ந்தால் இனிப்பு அடங்குகிறது, அதனால் ஐஸ் போட்ட கிளாஸுக்குச் சர்க்கரை கூட வேண்டும் என்றும் அப்போதுதான் பிடிபட்டது. எனக்கு மூக்கு இருந்த காலத்தில் நாக்கு என்ற ஒன்று இருப்பதையே நான் மதிக்கவில்லை.

சமையலும் அப்படித்தான் திரும்பியது. வாயில் வைத்துப் பார்க்க மனசு வரவில்லை, மூக்கும் இல்லை, அப்புறம் எப்படிச் சமைப்பது? அவர் பெக் அளக்கும் கிண்ணத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் சின்னது, ஒரு பக்கம் பெரியது. புளித்தண்ணி இரண்டு பெக், பருப்புத் தண்ணி மூன்று பெக் என்று அளந்து ரசம் வைத்தேன். சரியாக வந்தது. சாராயம் பட்ட கிண்ணத்தில் சாமிக்கு அளக்கலாமா என்று ராத்திரி உறுத்தியது. மறுநாளே இன்னொன்று வாங்கிவிட்டேன். சாமிக்கு ஒன்று, சனிக்கிழமைக்கு ஒன்று.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் கோகம் வாங்கப் போனேன். இங்கே புளிக்குப் பதில் போடுகிற சிவப்புப் பழம். அதன் சாற்றுக்கு நல்ல நிறம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரர் ஒரே மாதிரி கருஞ்சிவப்பில் இரண்டு பாட்டில்களை வைத்து, "சர்பத் வாலா யா ஆகள்?" என்று கேட்டார். ஒன்றில் சர்க்கரை இருக்கிறது, மற்றதில் இல்லை என்று அவர் சொன்னது வரைக்கும் புரிந்தது. சர்க்கரையை நான் அளந்து போட்டுக்கொள்ள மாட்டேனா? பெரிய புத்திசாலி மாதிரி சர்க்கரை இல்லாத ஆகளை வாங்கி வந்தேன். வாசனை தெரியாது, சாயங்கால மீட்டிங் இழுத்ததில் நாக்கில் வைத்துப் பார்க்கவும் மறந்துபோனது. இரண்டு பெக் தாராளமாக ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

முதல் வாய் குடித்ததும் பால்கனியில் இருந்து சிங்க் வரை அவர் ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன அம்மிணி இது, கடலத் தூக்கி ஊத்தீட்டியா?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாள் காகூவிடம் பாட்டிலைக் காட்டினேன். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆகள் என்றால் உப்பில் ஊறிய சாறு. தேங்காய்ப்பாலில் கொஞ்சமாக விட்டு, சோற்றோடு குடிக்கிற சோல்கடிக்கு உள்ளது. இந்த ஊரில் பிறந்த யாரும் அதை கிளாஸில் ஊற்ற மாட்டார்கள்.

கொட்ட மனசில்லாமல் அந்த ஆகளைச் சொட்டுச் சொட்டாக டானிக் தண்ணியில் விட்டுப் பார்த்தேன். டானிக் என்றால் கசப்பு சோடா, ஜின்னோடு சேருவது. நான்கைந்து சொட்டில் கசப்பு பின்வாங்கி, உள்ளே ஒளிந்திருந்த இனிப்பு முன்னால் வந்தது. உப்பு கசப்பை அமுக்குகிறது! பாகற்காயை நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி வைப்பதை எத்தனை வருஷமாகச் செய்கிறேன். கசப்புத் தண்ணி இறங்குவதற்கு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அவருடைய சனிக்கிழமை கிளாஸ் எலுமிச்சை, இஞ்சி, டானிக், ஐந்து சொட்டு ஆகள் என்று நிலைத்தது. நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட்டுக் குடித்தார்.

தீபாவளி முடிந்து காலைகளில் குளிர் தொடங்கியபோது, எலுமிச்சை டப்பாவில் ஏதோ ஒரு இழை வந்தது. வந்த மாதிரி இருந்தது, போய்விட்டது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் திரும்ப வந்தது. பிறகு கிராம்பு வந்தது. காப்பித்தூள் கொஞ்ச நாள் டயர் எரிகிற நாற்றமாக வந்தது, அப்புறம் காப்பியாகவே வந்து சேர்ந்தது. அவரிடம் சொல்லவில்லை. பாதி வேலையைக் காட்டி முடிந்துவிட்டது என்று சொல்கிறவர்களை நான் அலுவலகத்தில் கிழித்துத் தோரணம் கட்டுகிறவள். எல்லாம் வந்த பிறகு சொல்லலாம், அவர் முகம் இன்னொரு தடவை விழ வேண்டாம் என்று நினைத்தேன்.

கடைசிச் சோதனை அவர் கிளாஸ்தான். சனிக்கிழமை சாயங்காலம் கோயம்புத்தூரில் இருந்து என் மாமியார் போன் செய்வார். போனில்தானே, அவருக்கா தெரியப்போகிறது? இருந்தாலும் என் வீட்டுக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேச மாட்டார். பால்கனியில் வைத்துவிட்டு, படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். அந்த நேரத்தில் நான் திருடி மாதிரிப் போய் முகர்ந்தேன்.

எலுமிச்சை வந்தது. இஞ்சி வந்தது. கோகமும் லேசாக வந்தது. மல்லி விதை வரவில்லை. பென்சில் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதுதான். அதற்கடுத்த வாரமும் அதுதான். சமையலறைக்கு ஓடி மல்லி டப்பாவைத் திறந்தால் கும்மென்று வருகிறது. கிளாஸில் வரவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. தனித்தனியாக வைத்தால் மூக்கு பிடிக்கிறது. கலந்திருப்பதற்குள் போய் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு இருப்பது எனக்கும் திரும்பி வந்துவிட்டது, எனக்கென்று இருந்தது வரவில்லை. பிறகு ரசத்தின் ஆவியில்கூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அளவுக் கிண்ணத்தைக் கீழே வைக்கவே பயமாக இருந்தது. அவரிடம் என்னவென்று சொல்வது? கேட்கக் கூடாது என்று கத்தியதும் நான்தானே.

போன சனிக்கிழமை அவர் போனோடு படுக்கையறைக்குப் போனார். நான் வழக்கம்போல கிளாஸை முகர்ந்தேன். இல்லை. எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. போ, சட்டமாவது ஒன்றாவது என்று உள் அறைக்குப் போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டில் இருந்த பாட்டிலை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையால் தொடுகிறேன். கையெல்லாம் புழுதி. சுற்றிலும் கட்டடம் கட்டுகிற ஊர், தட்டில் புழுதி படிவது சகஜம்தான் என்று நினைத்துக்கொண்டேன். மூடியைத் திருகினேன். அது ஒட்டிக்கொண்டிருந்தது, சேலைத் தலைப்பால் பிடித்துத் திருக வேண்டியிருந்தது.

திறந்ததும் வந்தது. மல்லி, எலுமிச்சைத்தோல், பென்சில், அதற்குப் பின்னால் முன்பு நான் கண்டுபிடிக்காத ஏலக்காய் ஒன்று, ஒவ்வொன்றும் தனியாக, வரிசையாக வந்தது. ஸ்டூல் மேல் நின்றபடியே அழுதேன். வந்துவிட்டது, எல்லாம் வந்துவிட்டது. முருகா, வந்துவிட்டது.

அப்புறம்தான் கிளாஸ் ஞாபகம் வந்தது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே பால்கனிக்குப் போய், கிளாஸை முகர்ந்தேன், பாட்டிலை முகர்ந்தேன், மறுபடி கிளாஸை முகர்ந்தேன். என் மூக்கில் ஒரு குறையும் இல்லை. கிளாஸில்தான் ஜின் இல்லை.

போனை வைத்துவிட்டு அவர் வந்தார். என் கையில் பாட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுல ஜின் எங்க?" என்றேன்.

"ஊத்தல."

"இன்னிக்கா?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளான்னா?"

தலையைக் குனிந்துகொண்டார், மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. "அந்த டாக்டரப் பாத்துட்டு வந்தமல்ல, அன்னீலிருந்து. உனக்கு வாசன வர்ற வரைக்கும் தொடறதில்லைன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

இவரா? கோயிலுக்குப் போனால், செருப்புக்குக் காவல் இருக்கிறேன், நீ போய்க் கும்பிட்டு வா என்று வாசலிலேயே நிற்கிற மனிதர்.

"கோட்டி புடிச்சிருக்கா உங்களுக்கு? எங்கிட்டச் சொன்னா என்ன?"

"வேண்டுனத வெளிய சொன்னா பலிக்காதும்பாங்க எங்கம்மா."

"ஜின் இல்லாத கெளாஸ மோந்து மோந்து எம்மூக்கு செத்துப்போச்சுன்னுல்லா நெனச்சேன்! எலுமிச்சை எப்பமோ வந்துட்டு. கிராம்பு வந்துட்டு. எல்லாம் வந்துட்டு. உங்க ஜின்னுக்காகத்தான காத்துக்கெடந்தேன்!"

"எல்லாமே வந்துருச்சா?" என்றார். "எனக்கெப்படித் தெரியும்? நீதான கேக்கக்கூடாதுன்ன."

நான் சண்டைக்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மூக்கு போன பெண்டாட்டி இருக்கிற வீடு. அலமாரியில் பாட்டில். அவர் எவ்வளவு குடித்தாலும், எந்த நாளில் குடித்தாலும், எனக்குத் தெரிந்திருக்காது. ஊற்றிக்கொள்வதாகச் சொல்லி ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அறைக்குள் போய், ஊற்றாமல் திரும்பி வந்து, நான் கலந்த எலுமிச்சைத் தண்ணியைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து பால்கனியில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவரைக் கட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப ஒரு பெக் ஊத்திக்கலாமா?" என்று என் தோளில் தலையைச் சாய்த்தபடியே கேட்டார்.

"மொதல்ல கோயில்ல போய்ச் சொல்லிட்டு வருவோம். அப்புறம் ஊத்துங்க."

மறுநாள் காலை புனேயிலேயே இருக்கும் கட்கிக்குப் போனோம். அங்கே பழைய தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய முருகன் கோயில் ஒன்று இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல அவரைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தேன். பூவும் திருநீறும் கற்பூரமும் எனக்குத் தனித்தனியாக வந்தன. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்தால், பக்கத்தில் வெறுங்காலோடு கை கூப்பி நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு எங்கள் செருப்புக்கு யாரும் காவல் இல்லை.